கெட்டிமேளத்தில் மூச்சுவாங்கும் கணினி

கல்யாண வீடியோ ஒன்றை வீட்டுக் கணினியில் என்கோடிங்குக்குப் போட்டுவிட்டு, திரையின் ஓரத்தில் ஓடும் ஓர் எண்ணை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தால் ஒரு வேடிக்கை தெரியும். விநாடிக்கு எத்தனை ஃபிரேம் முடிகிறது என்று காட்டும் எண் அது. வாசலில் பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், கல்கண்டுத் தட்டு, முன்வரிசையில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் என்று படம் போகும்வரை எண்பது, தொண்ணூறு என்று சுகமாக ஓடும். ஐயர் கையைத் தூக்கி 'கெட்டிமேளம், கெட்டிமேளம்' என்றதும் சரியத் தொடங்கும். அறுபது. நாற்பது. முப்பதுக்கும் கீழே. தாலி ஏறி, அட்சதையெல்லாம் தரையில் விழுந்து அடங்கிய பிறகுதான் எண் பழையபடி மேலே வரும்.

தவிலும் நாகஸ்வரமும் இதற்குக் காரணமில்லை. ஒலியைச் சுருக்குவது இன்றைய கணினிக்கு ஒரு பொருட்டே அல்ல. காரணம் அட்சதை.

வீடியோவைச் சுருக்கும் கலை முழுவதும் ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: முந்தின ஃபிரேமில் இருந்ததுதான் அநேகமாக இந்த ஃபிரேமிலும் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தாத்தா விநாடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்குள் எங்கே போய்விடப் போகிறார்? 'அவர் அங்கேயே இருக்கிறார்' என்று ஒரு குறிப்பு எழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். கேமரா மெல்லத் திரும்பினால்கூடக் கவலையில்லை. 'எல்லாம் நான்கு புள்ளி இடப்பக்கம் நகர்ந்துவிட்டது' என்றால் போதும். முகூர்த்த நேரத்தில் இந்த நம்பிக்கை அடியோடு பொய்த்துப்போகிறது. இருநூறு பேர் வீசும் மஞ்சள் அரிசி ஒவ்வொன்றும் தனித்தனிப் பாதையில், தனித்தனி வேகத்தில், சுழன்றுகொண்டு விழுகிறது. ஹோமப் புகைக்கு ஓரமே கிடையாது. போதாக்குறைக்குப் புகைப்படக்காரர்களின் ஃபிளாஷ் வேறு. ஒரே ஒரு ஃபிரேமில் மண்டபமே வெளுத்து, அடுத்த ஃபிரேமில் பழைய நிறத்துக்கு வந்துவிடும். இந்தத் துண்டு முன்பு எங்கே இருந்தது என்று கணினி தேடுகிறது, கிடைக்கவில்லை, மேலும் தேடுகிறது.

வீட்டுக் கணினியில் என்கோடிங் ஏன் விடிய விடிய ஓடுகிறது, அதை எப்படி விரைவாக்குவது என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை இந்தத் தேடலில்தான் இருக்கிறது.

சுருக்காமல் வைத்தால் என்ன ஆகும் என்று முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 1080பி படத்தில் ஒரு ஃபிரேமுக்கு 1,920 பெருக்கல் 1,080, அதாவது 20,73,600 புள்ளிகள். நம் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகவும் நிற வேறுபாட்டைச் சற்று மந்தமாகவும் பார்ப்பதால், நிறத் தகவலைக் கால்வாசியாகக் குறைத்துத்தான் சேமிப்பார்கள். அப்படியும் புள்ளிக்குச் சராசரி ஒன்றரை பைட். ஆக, ஒரு ஃபிரேம் 31 லட்சம் பைட். விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் 78 எம்பி. மணிக்கு 280 ஜிபி. ஐந்து மணி நேரக் கல்யாணத்தை அப்படியே டிவிடியில் ஏற்றினால் ஏறக்குறைய 300 தட்டு வேண்டும். தாம்பூலப் பையில் போட்டு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம். அதனால்தான் படம் பிடிக்கும்போதே கேமரா சுருக்கி எழுதுகிறது. விநாடிக்கு 24 மெகாபிட் வேகத்தில் பதிவு செய்யும் கேமரா, கணக்குப்படி 26-இல் ஒரு பங்காகச் சுருக்கிவிட்டது. வீட்டுக் கணினியின் வேலை அந்த மூட்டையை முழுக்கப் பிரித்து, இன்னும் இறுக்கமாகக் கட்டுவது.

இன்றைக்கும் வீடுகளில் அதிகம் புழங்கும் கட்டுமுறை 2003-இல் வெளியான எச்.264. ஃபிரேமை 16-க்கு 16 புள்ளி கொண்ட சதுரங்களாக அது வெட்டுகிறது. 1,080 என்ற உயரம் பதினாறால் மீதியின்றி வகுபடாது என்பதால் கீழே எட்டு வரி ஒட்டுப்போட்டு 1,088 ஆக்கிக்கொள்ளும். அப்படி வருபவை 8,160 சதுரங்கள். ஒவ்வொரு சதுரத்துக்கும், முந்தின ஃபிரேமில் அதைப் போலவே இருக்கும் இடம் எது என்று தேடி, 'அங்கிருந்து இவ்வளவு நகர்ந்திருக்கிறது' என்று குறித்துக்கொள்ளும். குறித்த இடத்துக்கும் உண்மையான படத்துக்கும் உள்ள சிறு வித்தியாசம் மட்டும் மிச்சம். அந்த மிச்சத்தை அலைகளாகப் பிரித்து, கண்ணுக்குத் தெரியாத நுண்ணலைகளைக் கழித்துக்கட்டினால் வேலை முடிந்தது.

அலைகளாகப் பிரிக்கும் அந்தக் கணிதம் எங்கிருந்து வந்தது என்பது இங்கே நின்று சொல்லவேண்டிய கதை. பெங்களூரில் பிறந்து அமெரிக்கா போன நசீர் அகமது, கான்சஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தபோது, 1972-இல் 'கொசைன் உருமாற்றம்' என்ற ஒன்றை ஆராய நிதி கேட்டு அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. யோசனை அளவுக்கு மீறி எளிமையாக இருக்கிறது என்று மதிப்பீட்டாளர் ஒருவர் கருதியதாகப் பின்னாளில் அகமது எழுதினார். விடவில்லை மனிதர், கோடை விடுமுறையில் தன் மாணவர் டி. நடராஜனோடும், டெக்சாஸில் இருந்த கே. ஆர். ராவோடும் சேர்ந்து வேலையை முடித்தார். ராவ் 1952-இல் மதராஸ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றவர். 1974 ஜனவரியில் மூவர் பெயரிலும் வெளிவந்த கட்டுரை நான்கே பக்கம். ஜேபெக் படம், டிவிடி, எச்.264, அதன் பின் வந்தவை என எல்லாவற்றுக்கும் அடியில் அந்த நான்கு பக்கமோ அதன் நேர் வாரிசோ இருக்கிறது. நிதி மறுத்தவர்களுக்கு அந்த யோசனை எளிமையாகத் தெரிந்தது ஒரு வகையில் நமக்கு நல்லதாகப் போயிற்று. எளிமை என்பதால்தான் கணினி அதை நொடியில் செய்து முடிக்கிறது. என்கோடிங்கில் நேரம் அங்கே போவதில்லை.

நேரம் போவது தேடலில். 16-க்கு 16 சதுரம் ஒன்றை முந்தின ஃபிரேமில் மேலே 16, கீழே 16, இடம் 16, வலம் 16 புள்ளி தூரத்துக்குள் ஓரிடம் விடாமல் தேடுவதென்றால் 33 பெருக்கல் 33, மொத்தம் 1,089 இடங்கள். ஒவ்வோர் இடத்திலும் 256 புள்ளிகளை ஒப்பிட்டு வித்தியாசத்தைக் கூட்டவேண்டும். ஒரு சதுரத்துக்கு 2,78,784 ஒப்பீடு. 8,160 சதுரத்துக்கு 227 கோடி. 25 ஃபிரேமுக்கு 5,600 கோடிக்கு மேல். விநாடிக்கு 400 கோடி முறை துடிக்கும் செயலி, ஒரு துடிப்புக்கு ஓர் ஒப்பீடு முடித்தாலும் ஒரு விநாடிப் படத்துக்கு 14 விநாடி ஆகும். ஒரே ஒரு பழைய ஃபிரேமில் தேடினால் இந்தக் கணக்கு. எச்.264-இல் 16 பழைய ஃபிரேம்கள் வரை தேட அனுமதி உண்டு. சதுரத்தை எட்டுக்கு எட்டு, நான்குக்கு நான்கு என்று துண்டுபோட்டுத் தேடலாம். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவே கால்புள்ளி நுணுக்கத்திலும் தேடலாம். இத்தனையையும் விடாமல் செய்தால் பேரன் கல்யாணத்துக்குத்தான் வீடியோ தயாராகும்.

அதனால் எந்த என்கோடரும் முழுக்கத் தேடுவதில்லை, புத்திசாலித்தனமாக ஏமாற்றுகிறது. பக்கத்துச் சதுரம் மூன்று புள்ளி வலப்பக்கம் நகர்ந்திருந்தால் இதுவும் அநேகமாக அப்படித்தான் நகர்ந்திருக்கும் என்று அங்கே போய் நிற்கும். சுற்றி அறுகோணத்தின் ஆறு முனைகளை மட்டும் பார்க்கும். எந்த முனையில் பொருத்தம் அதிகமோ அந்தப் பக்கம் ஓரடி வைக்கும். மறுபடி ஆறு முனை. அவற்றில் மூன்று ஏற்கெனவே பார்த்தவை, எனவே புதிதாக மூன்று. நடுவில் நிற்பதுதான் ஆகச் சிறந்தது என்று தெரியும்வரை நகர்ந்து, பிறகு நெருக்கமாகச் சுற்றிப் பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளும். 1,089 இடத்துக்குப் பதில் பெரும்பாலும் சில பத்து இடங்கள். தாத்தாவின் முகத்துக்கு இது தாராளமாகப் போதும். அட்சதைக்குப் போதாது, பக்கத்து அரிசியின் போக்கை வைத்து இந்த அரிசியின் போக்கை ஊகிக்க முடியாதே.

எவ்வளவு தேடுவது, எங்கே நிறுத்துவது என்ற முடிவுகளுக்குத்தான் 'ப்ரீசெட்' என்று பெயர். எக்ஸ்264 என்ற இலவச என்கோடர் இதற்குப் பத்துப் படி வைத்திருக்கிறது. விஎல்சி பிளேயரைத் தந்த அதே வீடியோலேன் குழுவின் கீழ் வளர்ந்தது அது. 'அல்ட்ராஃபாஸ்ட்' படியில் ஒரே ஒரு பழைய ஃபிரேமை மேலோட்டமாகப் பார்ப்பதோடு சரி. நடுவிலிருக்கும் 'மீடியம்' படியில் அறுகோணத் தேடல், மூன்று பழைய ஃபிரேம்கள். 'வெரிஸ்லோ'வில் பதினாறு. கடைசிப் படி கிட்டத்தட்ட முழுத் தேடலே நடத்தும். நேரத்தை விழுங்கும், கண்ணுக்குப் புலப்படும் பலன் எதுவும் இராது. எழுதியவர்களே அதற்கு 'பிளசீபோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள், மருந்தில்லாத மாத்திரை. ஆனாலும் பெயரின் கிண்டல் புரியாமல் அதையே தேர்ந்தெடுத்து இரண்டு இரவு காத்திருப்பவர்கள் இன்றும் உண்டு.

ஆகவே வேகத்தைக் கூட்டும் முதல் வழி ஒரு ரூபாய் செலவில்லாதது: ப்ரீசெட்டை இரண்டு படி மேலே தள்ளுவது. 'ஸ்லோ'விலிருந்து 'ஃபாஸ்ட்'டுக்கு வந்தால் தரம் கெட்டுவிடும் என்ற பயம் பலருக்கு உண்டு. தரத்தைத் தீர்மானிக்கும் கைப்பிடி வேறு. சிஆர்எஃப் என்று அதற்குப் பெயர். எக்ஸ்264-இல் வழக்கமான மதிப்பு 23. எண் குறையக் குறையப் படம் தெளியும், கோப்பு பெருக்கும். ஆறு குறைத்தால் கோப்பு ஏறக்குறைய இரட்டிக்கும். சிஆர்எஃப்-ஐத் தொடாமல் ப்ரீசெட்டை மட்டும் வேகமாக்கினால் படத்தின் தரம் பெரும்பாலும் அதே அளவில்தான் இருக்கும். சரியாகத் தேடாத குற்றத்துக்குக் கோப்பு கொஞ்சம் பெரிதாகும். நாலு டெரா ஹார்ட் டிஸ்க் வீட்டில் சும்மா கிடக்கும்போது கோப்பு பத்து சதவீதம் பெரிதானால் என்ன?

*

தேடலைக் குறைப்பது ஒரு வழி. அதே தேடலைக் கூட்டமாகச் செய்வது இன்னொன்று.

1997-இல் இன்டெல் தன் பென்டியம் செயலியில் எம்எம்எக்ஸ் என்ற வசதியைச் சேர்த்தது. ஒரே கட்டளையில் எட்டுச் சிறிய எண்களைக் கையாளும் ஏற்பாடு அது. 1999-இல் வந்த பென்டியம் 3 இன்னும் சில கட்டளைகளைக் கொண்டுவந்தது. அவற்றில் ஒன்றின் பெயர் 'பிஎஸ்ஏடிபிடபிள்யூ'. வாயில் நுழையாத இந்தப் பெயரைத் தாங்கிய கட்டளை செய்யும் வேலை ஒன்றுதான்: எட்டு புள்ளிகளையும் வேறு எட்டு புள்ளிகளையும் எடுத்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, கழித்தல் குறி வந்தால் நீக்கி, எட்டு விடைகளையும் கூட்டிக் கையில் கொடுக்கும். மேலே பார்த்த ஒப்பீடு இதேதான். வீடியோ தேடலுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டை. அடுத்த தலைமுறையில் எட்டு பதினாறானது. 16-க்கு 16 சதுரத்தின் ஒரு முழு வரி ஒரே கட்டளைக்குள் அடங்கிவிட்டது. 2013-இல் வந்த ஏவிஎக்ஸ்2-இல் பதினாறு முப்பத்திரண்டானது. 256 தனித்தனிக் கழித்தல் வேண்டிய இடத்தில் எட்டே கட்டளை.

இந்தக் கட்டளைகள் செயலியில் இருந்தால் மட்டும் போதாது, பயன்படுத்த ஆள் வேண்டும். சாதாரண நிரல்மொழியில் எழுதிக் கம்பைலரிடம் விட்டால் அது எப்போதும் இவற்றைச் சரியாகக் கண்டுகொள்வதில்லை. எக்ஸ்264-ஐ எழுதியவர்கள் இப்படிப்பட்ட உள்வேலைகளைக் கையால், அசெம்பிளி மொழியில், செயலித் தலைமுறை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுதினார்கள். பழைய கணினியில் ஓட்டினால் பழைய வடிவம், புதியதில் ஓட்டினால் புதிய வடிவம். எது இருக்கிறது என்று தொடங்கும்போதே அது பார்த்துக்கொள்ளும். ஐந்து வருடப் பழைய என்கோடிங் மென்பொருளை அப்டேட் செய்தாலே சில கணினிகளில் வேகம் கூடுவதற்குக் காரணம் இந்தக் கைவேலைதான்.

கூட்டத்தின் அடுத்த வடிவம் 'கோர்'. எட்டு கோர் உள்ள செயலி எட்டு மடங்கு வேகம் தரவேண்டும் என்றுதான் தோன்றும். தருவதில்லை. ஜீன் ஆம்டால் 1967-இல் சொன்ன கணக்கு குறுக்கே நிற்கிறது. வேலையில் பத்தில் ஒரு பங்கு பிரிக்கவே முடியாததாக இருந்தால், எட்டு கோருக்கு 4.7 மடங்கு வேகம்தான் கிடைக்கும், பதினாறுக்கு 6.4, ஆயிரம் கோர் போட்டாலும் பத்து மடங்கைத் தாண்டாது.

என்கோடிங்கில் பிரிக்க முடியாத பங்கு எங்கே வருகிறது? இரண்டாம் ஃபிரேமைச் செய்ய முதல் ஃபிரேம் வேண்டும், மூன்றாவதைச் செய்ய இரண்டாவது வேண்டும். ஒன்று முடியாமல் மற்றது தொடங்க முடியாது என்றால் எட்டு கோரில் ஏழு கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். எக்ஸ்264 இதைக் கல்யாணப் பந்தி முறையில் சமாளிக்கிறது. பந்தியில் சாதம் போடுகிறவர் கடைசி இலைவரை போய் முடிக்கட்டும் என்று சாம்பார்க்காரர் வாளியோடு காத்திருப்பதில்லை. சாதக்காரர் நாலு இலை முன்னே போனதும் இவர் முதல் இலையில் தொடங்கிவிடுவார். அவருக்கு நாலு இலை பின்னால் ரசம். என்கோடரிலும் அப்படியே: முதல் ஃபிரேமின் மேல்வரிகள் முடிந்ததும் இரண்டாம் ஃபிரேமின் மேல்வரிகளை அடுத்த கோர் எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை உண்டு. இன்னும் சாதம் விழாத இலையில் சாம்பார் ஊற்றக்கூடாது. அதாவது, முந்தின ஃபிரேமில் இன்னும் முடியாத பகுதிக்குள் தேடக்கூடாது. கோர்கள் கூடக்கூட ஒவ்வொருவரும் முன்னவரை நெருக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். சிறிய படத்தில் இலைகளே குறைவு என்பதால் ஆட்கள் முட்டிக்கொள்வார்கள். பழைய விசிடியிலிருந்து எடுத்த 352-க்கு 288 படத்தை 16 கோர் கணினியில் ஓட்டினால் பாதி கோர்கள் சும்மா இருப்பதன் மர்மம் இதுதான்.

இதே காரணத்தால் இன்னொரு பெரிய நம்பிக்கையும் ஒரு காலத்தில் பொய்த்தது. கிராஃபிக்ஸ் அட்டையில் நூற்றுக்கணக்கில் குட்டிக் கோர்கள் இருக்கின்றனவே, என்கோடிங்கை அங்கே தள்ளிவிட்டால் என்ன என்று 2008 வாக்கில் பலரும் இறங்கினார்கள். 'படாபூம்' என்றுகூட ஒரு மென்பொருள் வந்தது. பெயரில் இருந்த வெடிச்சத்தம் தரத்தில் இல்லை. ஒரே மாதிரியான, ஒன்றையொன்று சாராத ஆயிரம் வேலைகளுக்குத்தான் அந்தக் குட்டிக் கோர்கள் லாயக்கு. என்கோடிங்கிலோ பக்கத்துச் சதுரத்தின் முடிவு தெரியாமல் இந்தச் சதுரத்தில் முடிவெடுக்க முடியாது. கடைசிக் கட்டத்தில் எல்லாவற்றையும் பிட்டுகளாக அடுக்கும் வேலை இன்னும் மோசம். ஒரு பிட் முடிந்தால்தான் அடுத்த பிட்.

வெற்றி பெற்றது வேறொரு யோசனை. சிலிக்கானில் ஒரு சின்ன மூலையை ஒதுக்கி, என்கோடிங் ஒன்றைத் தவிர வேறெதுவும் செய்யத் தெரியாத ஒரு சுற்றை அங்கே நிரந்தரமாக வரைந்துவிடுவது. 2011-இல் இன்டெல் 'குவிக் சிங்க்' என்ற பெயரில் அதைச் செயலிக்குள்ளேயே வைத்தது. 2012-இல் என்விடியா தன் அட்டையில் 'என்வெங்க்' என்று கொண்டுவந்தது, ஏஎம்டியும் பின்தங்கவில்லை. இன்று கிராஃபிக்ஸ் அட்டையில் என்கோடிங் என்று சொல்லும்போது வேலை செய்வது விளையாட்டுக்கான அந்த ஆயிரக்கணக்கான கோர்கள் என்று நினைப்பவர்கள் அதிகம். அவை கிட்டத்தட்டச் சும்மாதான் இருக்கின்றன; மூலையில் உள்ள அந்தச் சுற்றுதான் ஓடுகிறது. அதனால்தான் விலை உயர்ந்த அட்டைக்கும் அதே தலைமுறையின் மலிவு அட்டைக்கும் என்கோடிங் வேகத்தில் பெரும்பாலும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை.

வேகம் அபாரம். சாதாரண மடிக்கணினியில் மீடியம் ப்ரீசெட்டில் ஒரு மணி நேரம் பிடிக்கும் வேலையைச் சில நிமிடங்களில் முடித்துவிடும்; செயலியும் சூடாகாது. விலை? சிலிக்கானில் வரைந்த தேடலை மாற்ற முடியாது. எவ்வளவு தேடவேண்டும் என்று வடிவமைத்தவர் முடிவு செய்தாரோ அவ்வளவுதான். ஆரம்பகாலச் சுற்றுகளில் புகையும் இருட்டும் கட்டம் கட்டமாக உடைந்து தெரிந்தது நியாயமான புகார். 2018-இல் வந்த என்விடியாவின் டூரிங் தலைமுறைக்குப் பிறகு அந்தப் புகார் பெரிதும் தேய்ந்துவிட்டது. இன்றைய நிலவரம் தோராயமாக இதுதான்: ஒரே கோப்பளவுக்குள் அடக்கவேண்டும் என்றால் நிதானமாக ஓடும் எக்ஸ்264-இன் படம் தெளிவாக இருக்கும், கோப்பு சற்றுப் பெரிதாவதைப் பொருட்படுத்தாவிட்டால் வன்பொருள் சுற்றே போதும். நேரடி ஒளிபரப்புக்கு அதுதான் சரி. ஆண்டாண்டுக்கும் வைத்துப் பார்க்கப்போகும் முகூர்த்தத்துக்கு அவ்வளவு அவசரம் என்ன என்று கேட்பவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

கணினி வாங்கும்போதே கவனிக்கவேண்டிய ஒன்றுண்டு. சென்னை ரிச்சி தெருவில் இன்டெல் செயலி விலை கேட்டால், ஒரே எண்ணில் இரண்டு மாடல் சொல்வார்கள்: வெறும் எண் ஒன்று, கடைசியில் 'எஃப்' எழுத்து ஒட்டியது ஒன்று. எஃப் கொஞ்சம் மலிவு. உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை என்பது அதன் பொருள்; கிராஃபிக்ஸ் இல்லையென்றால் குவிக் சிங்க்கும் இல்லை. தனி அட்டை வாங்கும் எண்ணம் இல்லாமல் வீடியோ வேலைக்காக எஃப் வாங்குவது, முதல் நாளே கழுத்தை நெரிக்கும் சிக்கனம்.

*

வேகம் கசியும் இடங்கள் என்கோடருக்கு வெளியேயும் இருக்கின்றன. அங்கேதான் பலரும் தவறான பொருளை வாங்குகிறார்கள். எஸ்எஸ்டி போட்டால் என்கோடிங் வேகமாகும் என்பது அதில் முதன்மையானது. 24 மெகாபிட் கோப்பிலிருந்து விநாடிக்குப் படிக்கவேண்டியது 3 எம்பி. இயல்பின் நான்கு மடங்கு வேகத்தில் என்கோடிங் ஓடினாலும் 12 எம்பி. பழைய ஹார்ட் டிஸ்க்கே நூறு எம்பி தரும். எஸ்எஸ்டியால் கணினி சீக்கிரம் எழுந்திருக்கும். அட்சதையைத் தேடுவதில் அதற்குப் பங்கில்லை.

உண்மையில் நேரத்தைத் தின்பது வடிகட்டிகள். பழைய விஎச்எஸ் கேசட்டையோ மினிடிவி நாடாவையோ கணினிக்கு மாற்றும்போது இது அப்பட்டமாகத் தெரியும். அந்தக் காலப் படம் ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் வெவ்வேறு கணத்தில் பிடித்தது. பின்னியிருக்கும் அந்த வரிகளைப் பிரிக்க ஒரு வடிகட்டி, நாடாவின் புள்ளி இரைச்சலைத் துடைக்க இன்னொன்று என்று சேர்த்தால், என்கோடர் தீவனம் வராத மாடுபோலக் காத்து நிற்கும். இங்கே ப்ரீசெட்டை எவ்வளவு வேகமாக்கினாலும் பயனில்லை. ஆனால் இரைச்சல் துடைப்பதற்கு ஒரு நல்ல பக்கவிளைவும் உண்டு. திரையெங்கும் பொரிபோல் துள்ளும் புள்ளிகள் என்கோடரைப் பொறுத்தவரை கணந்தோறும் பொழியும் அட்சதை. அவற்றை முன்பே துடைத்துவிட்டால் கோப்பு வெகுவாகச் சிறுக்கும்.

அடுத்தது சூடு. மடிக்கணினியில் என்கோடிங் தொடங்கிய முதல் சில பத்து விநாடிகள் எண் உற்சாகமாக இருக்கும். பிறகு இறங்கி ஓரிடத்தில் நிற்கும். செயலி குறுகிய நேரத்துக்கு அதிக மின்சாரம் இழுக்க அனுமதி உண்டு, அது முடிந்ததும் அடங்கவேண்டும். உள்வெப்பம் நூறு டிகிரியை நெருங்கினால் இன்னும் அடங்கும். மே மாதம், மூடிய அறை, மெத்தையின் மேல் வைத்த மடிக்கணினி, மூன்று வருடத் தூசி அடைத்த விசிறி எல்லாம் சேர்ந்தால் பாதி வேகம் காற்றில் போய்விடும். ஒரு பிரஷ்ஷும் கெட்டியான மேசையும் சில சமயம் புதுச் செயலிக்குச் சமம்.

கரண்ட் கட்டையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். எம்பி4 கோப்பில் எந்த ஃபிரேம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை வழக்கமாகக் கடைசியில்தான் எழுதப்படுகிறது. ஐந்து மணி நேரம் ஓடிக் கடைசி நிமிடத்தில் மின்சாரம் போனால், கோப்பு முழு அளவில் இருக்கும், எதிலும் ஓடாது. எம்கேவி வடிவத்தில் எழுதினால் நின்ற இடம்வரை பார்க்கலாம். பிறகு எம்பி4-ஆக மாற்ற மறுபடி என்கோடிங் வேண்டியதில்லை. பெட்டியை மட்டும் மாற்றிச் சரக்கை அப்படியே வைக்கும் வேலை, ஒரு நிமிடம்கூட ஆகாது.

இந்தப் பெட்டி மாற்றல் தெரியாமல் வீணாகும் மணிநேரம் கொஞ்சநஞ்சமல்ல. டிவி எம்கேவியை ஏற்கவில்லை என்றோ, தொடக்கத்தில் பத்து நிமிடம் வெட்டவேண்டும் என்றோ இரவு முழுக்க மறு என்கோடிங் ஓட்டுகிறார்கள். ஃபாப்ரிஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் கருவியில், 'நகலெடு' என்று ஒரு சொல் கொடுத்தால் இரண்டும் விநாடிகளில் முடிந்துவிடும். தரமும் துளி குறையாது. வெட்டும் இடம் மட்டும் நினைத்த ஃபிரேமில் அமையாது. தன்னளவில் முழுமையான ஃபிரேம் எங்கே வருகிறதோ அங்கேதான் வெட்டலாம். எக்ஸ்264-இன் வழக்கமான ஏற்பாட்டில் அதிகபட்சம் 250 ஃபிரேமுக்கு ஒருமுறை, அதாவது பத்து விநாடிக்குள், அப்படி ஒன்று வந்துவிடும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதற்காக மெனக்கெட்டுச் சுருக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: வீடியோவாக அனுப்பினால் அது தன் பங்குக்கு இன்னொரு முறை சுருக்கிவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும்.

எச்.264-ஐ விட்டுப் புதிய முறைகளுக்குத் தாவினால் கோப்பு சிறுக்கும், நேரம் பெருக்கும். 2013-இல் வந்த எச்இவிசி, அதே தரத்தைப் பாதி இடத்தில் தருவது என்ற இலக்கோடு வடிவமைக்கப்பட்டது. சதுரம் 64-க்கு 64 வரை வளரலாம், அதை நாலாக, நாலை மறுபடி நாலாகப் பிளக்கலாம். ஒரே ஃபிரேமுக்குள் பக்கத்துப் புள்ளிகளை வைத்து ஊகிக்க எச்.264-இல் சிறு கட்டத்துக்கு ஒன்பது விதம், இதில் 35. வழி கூடக்கூடத் தேடலும் கூடும். இதற்கான எக்ஸ்265 என்கோடரை உருவாக்கிய மல்டிகோர்வேர் நிறுவனத்துக்குச் சென்னையிலும் அலுவலகம் உண்டு. உலகெங்கும் ஓடும் அந்த நிரலில் கணிசமான வரிகள் அங்கே எழுதப்பட்டவை. 2018-இல் வந்த ஏவி1 இன்னும் ஒரு படி மேலே. அதன் முதல் என்கோடர் ஒரு நிமிடப் படத்துக்கு மணிக்கணக்கில் எடுத்துக்கொண்டது. இன்டெலும் நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்து எழுதிய எஸ்விடி-ஏவி1 வந்த பிறகே வீட்டுக் கணினியில் அதை நினைத்துப் பார்க்க முடிந்தது.

இத்தனை கைப்பிடிகளையும் ஒரே ஜன்னலில் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று 2003 முதல் இருக்கிறது. வேகத்தைத் தேடி வருகிறவர்கள் முதலில் திறக்கும் அதற்கு எரிக் பெட்டிட் வைத்த பெயர் 'ஹேண்ட்பிரேக்'. முதல் பதிப்பு என்று சொல்லத்தக்க 1.0 வெளிவந்தது 2016 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள். பதின்மூன்று வருடம் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார்கள். முழுப் படத்தையும் ஓட்டாமல், இத்தனாவது விநாடியிலிருந்து இத்தனாவது விநாடிவரை என்று ஒரு துண்டை மட்டும் ஓட்டிப் பார்க்கும் வசதி அதில் உண்டு. பானைச் சோற்றுக்குப் பதம் பார்க்க எந்தச் சோற்றை எடுப்பது என்பதில்தான் சாமர்த்தியம். வாசல் வரவேற்பை எடுத்தால் எல்லா ப்ரீசெட்டும் நன்றாகவே தெரியும். கெட்டிமேளத்துக்கு அரை நிமிடம் முன்னால் தொடங்கி ஒரு நிமிடம் எடுத்து, 'ஃபாஸ்ட்', 'மீடியம்', வன்பொருள் சுற்று மூன்றிலும் போட்டு, ஆன நேரத்தையும் கோப்பின் அளவையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மூன்றையும் வீட்டு டிவியில் ஓட்டிப் பார்க்கலாம். கூறைப்புடவையின் ஜரிகை, ஹோமப் புகை, பறக்கும் அரிசிக்குப் பின்னால் மூன்றாவது வரிசையில் நிற்கிற அத்தையின் முகம் என்று மூன்று இடத்தில் மட்டும் நிறுத்திப் பார்த்தால் போதும். அத்தையின் முகம் மூன்றிலும் ஒரே மாதிரி தெரிந்தால் தாளில் எது சீக்கிரம் முடிந்ததோ அதையே முழுப் படத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். முகம் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் சிஆர்எஃப்-ஐ இரண்டு குறைத்துவிட்டு, அதே ஒரு நிமிடத்தை மறுபடி போடவேண்டியதுதான்.